பொண்ணு நல்ல கலரா?

"பொண்ணு நல்லாப் படிச்சிருக்கு, குணமும் தங்கம்... கலர்தான் கொஞ்சம் கம்மி!"

கல்யாணப் பேச்சு எடுத்த வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்காதவர் உண்டா? கம்மியாம்! ரத்தத்தில் ஹீமோகுளோபின் கம்மி என்றால் கவலைப்பட வேண்டியதுதான். நிறத்தில் என்ன கம்மி, என்ன ஜாஸ்தி?

எங்கள் திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணாமுலை அம்மன் சந்நிதியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறோமே, அந்தக் கருங்கல் திருமேனியைப் பார்த்து யாராவது 'கலர் கம்மி' என்றோமா? கார்த்திகை மகா தீபம் மலைமேல் எரிந்து முடிந்த பிறகு, கொப்பரையிலிருந்து எடுக்கும் தீப மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தி, பக்தர்களுக்குப் பிரசாதமாகத் தருகிறார்கள். பயபக்தியோடு வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். சாமி கறுப்பு, சம்மதம். மை கறுப்பு, சம்மதம். மருமகள் மட்டும் கறுப்பாக இருக்கக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அதைத் தயாரிக்கும் செல்கள் கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதான். எவ்வளவு தயாராகிறது என்பதில்தான் வித்தியாசம். வெயிலின் புற ஊதாக்கதிர் உள்ளே இறங்காமல் தடுப்பது இந்த மெலனின். நம்ம ஊர் வெயிலுக்கு இயற்கை கொடுத்த குடை அது. குடையைச் சுரண்டி எறியவா காசு செலவழிப்பது?

ஆனால் செலவழிக்கிறோமே! 'பேர் அண்ட் லவ்லி' க்ரீம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 1975-ல். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் இறந்து, உலகமே கொதித்த 2020-ல்தான் அது 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. கறுப்பாக இருப்பதை மட்டமாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் தர அமைப்பு 2014-லேயே விதி போட்டது. டப்பாவில் பெயர் மாறிவிட்டது. நம் வாய்தான் மாறவில்லை!

விஷயம் மனவருத்தத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. "பக்கத்து வீட்டு அக்கா போட்டாங்க, பத்தே நாள்ல பளிச்னு ஆயிட்டாங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் வாங்கிவருகிறார்கள் பாருங்கள், ஆபத்து அதில்தான். இந்த ட்யூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் முகம் பளிச்சிடும். போகப்போகத் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரியும். பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினாலோ சிவந்து எரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கடுமையாக்கியது இதனால்தான்.

இன்னும் மோசம், லேபிளே இல்லாத சிவப்பழகு க்ரீம்கள். 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம் தடவியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. காரணம், க்ரீமில் இருந்த பாதரசம். தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தைத் தாக்கும். இப்படி ஏதாவது தடவுகிறவர்களுக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ, க்ரீமையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள் கதை தனி. "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா குழந்தை கறுப்பாப் பிறக்கும்" என்று மாத்திரையை ஒளித்துவைப்பவர்கள் இன்றும் உண்டு. அம்மாடி, மாத்திரையால் கறுப்பது மலம் மட்டும்தான்! குங்குமப்பூ போட்ட பாலாலும் குழந்தை சிவக்காது. நிறம் அம்மா, அப்பா வழியாக வருவது. மாத்திரையை விட்டால் ரத்தசோகை வரும். பிரசவத்தில் அது உயிருக்கே உலை வைக்கும்.

"நாங்க என்னங்க பண்றது? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேக்கறாங்களே!" என்பீர்கள். நியாயம்தான். பெண்ணைப் பெற்றவர்கள் பயத்தில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன ஆகாயத்திலிருந்தா குதிக்கிறார்? மகளுக்காகக் கண்ணீர் விடும் அதே அம்மாதான், மகனுக்குப் பெண் தேடும்போது 'சிவந்த நிறம்' என்று விளம்பரம் எழுதிக் கொடுக்கிறாள்.

படிப்பும் பதவியும் வந்தால் இந்தப் பேச்சு நின்றுவிடும் என்றும் நினைக்காதீர்கள். கேரள அரசின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரனையே நிறத்தை வைத்துப் பேசினார்கள். 2025-ல் அவர் அதை வெளிப்படையாக எழுதினார். சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-ல் 'கறுப்பும் அழகே' என்ற கருத்தோடு ஒரு இயக்கத்தைத் தொடங்கியது. 2019-ல் பிரபஞ்ச அழகிப் பட்டம் வென்ற தென்னாப்பிரிக்காவின் ஸோஸிபினி டுன்ஸி நல்ல கறுப்பு. தலைமுடியைக்கூட ஒட்ட வெட்டியிருந்தார். அழகுப் போட்டிக்காரர்களே மாறிவிட்டார்கள். நாம் மாறக் கூடாதா?

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். குழந்தையைக் 'கருவாச்சி' என்று செல்லமாகக்கூடக் கூப்பிடாதீர்கள். அவள் சிரித்தாலும் மனதில் தைத்திருக்கும். டாக்டர் எழுதித் தராத ட்யூபைக் குப்பையில் போடுங்கள். உங்கள் மகனுக்கு வரன் தேடும்போது, அந்த விளம்பரத்தில் நிறம் பற்றிய வார்த்தையை உங்கள் கையாலேயே அடித்துவிடுங்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பெண் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாள்.