ஆட்டோ பைலட் மக்கர் பண்ணினால்?

நடுக்கடலில் ஒரு சின்னப் பாய்மரப் படகு. உள்ளே ஒரே ஒரு ஆள். அவர் சமைக்க வேண்டும், பாயைச் சுருக்க வேண்டும், கொஞ்ச நேரமாவது தூங்க வேண்டும். அதுவரை சுக்கானைப் பிடிப்பது யார்?

அதற்குத்தான் ஆட்டோ பைலட். சம்பளம் கேட்காது, சாப்பாடு கேட்காது, கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் போதும். அது நின்றுபோனால் படகு உடனே மூழ்கிவிடாது. ஆனால், ஓட்டுபவரின் தூக்கம் போய்விடும். இரண்டு நாள் தூங்காதவர் எடுக்கும் தப்பான முடிவுதான் கடலில் ஆபத்து.

விமானத்தில் இருப்பதுபோல இது பெரிய சமாசாரம் இல்லை. சின்னப் படகில் இருப்பது கை நீளத்துக்கு ஒரு குழல். உள்ளே திசை பார்க்கும் மின்னணு காம்பஸ், கணக்குப் போடும் சர்க்யூட் போர்டு, சுக்கான் பிடியைத் தள்ளி இழுக்கும் மோட்டார். அவ்வளவுதான்.

மக்கர் பண்ணியதும் பலரும் போர்டைத்தான் சந்தேகப்படுவார்கள். அனுபவசாலிகள் அதைக் கடைசியாகத்தான் தொடுவார்கள். அவர்களின் வரிசை இது:

முதலில் கரண்ட்: நன்றாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, சும்மா இருக்கும்போது சுமார் 12.6 காட்டும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மோட்டார் தள்ளிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியிலும், பைலட்டின் பிளக்கிலும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியில் 12-க்கு மேல், பிளக்கில் 11-க்குக் கீழ் என்றால் திருடன் வழியில் இருக்கிறான். பச்சை பூத்த முனை, மெல்லிய ஒயர், லூசான பிளக்... உப்புக்காற்றில் இதெல்லாம் சகஜம். இரண்டு இடத்திலும் சேர்ந்து சரிந்தால் பேட்டரிக்கே வயதாகிவிட்டது.

அடுத்து காம்பஸ்: படகு திடீரென்று வேறு திசைக்குத் திரும்புகிறதா? பைலட் பக்கத்தில் ஸ்பீக்கர், மொபைல், இரும்பு ஸ்பேனர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். காந்தமும் இரும்பும் காம்பஸைக் குழப்பிவிடும். அவற்றை அப்புறப்படுத்திவிட்டு, அமைதியான நீரில் படகை மெதுவாக வட்டமடிக்கவைத்துக் காம்பஸை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது பாய்: பைலட்டைக் கழற்றிவிட்டு சுக்கானைக் கையில் பிடியுங்கள். உங்கள் கை வலித்தால், மெஷினுக்கும் வலிக்கும். காற்றுக்கு அதிகமாகப் பாய் விரித்திருந்தால் எந்த பைலட்டும் திணறும். பாயைச் சுருக்கினால் பாதி ரிப்பேர் செலவு மிச்சம்.

நான்காவது மோட்டார்: சத்தம் வருகிறது, தண்டு நகரவில்லை என்றால் உள்ளே பெல்ட்டோ பல்சக்கரமோ போயிருக்கலாம். கரண்ட் சரியாக வந்தும் சத்தமே இல்லை என்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். தண்டு வெளியே வரும் இடத்தின் ரப்பர் சீல் தேய்ந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே புகும். அப்புறம்தான் போர்டுக்கு ஆபத்து.

கடைக்கு அனுப்பும்போது...

'வேலை செய்யலை' என்று மட்டும் எழுதி அனுப்புவது, டாக்டரிடம் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்வது மாதிரி. எப்போது நின்றது, திரையில் என்ன எழுத்து வந்தது, வோல்ட் எவ்வளவு, மாடல் எண், சீரியல் எண்... எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பழைய மாடல் என்றால் 'பார்ட்ஸ் வருவதில்லை' என்று தயாரிப்பாளர் கைவிரிக்கலாம். அதோடு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பெல்ட், பிரஷ், பேரிங் போன்றவற்றை நல்ல மெக்கானிக் வெளியில் தேடிப் போட்டுவிட முடியும். போர்டு போனால்தான் சிரமம். திரும்பி வந்ததைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் நெடும்பயணம்.

கரண்டே வேண்டாத பைலட்டும் உண்டு. 'விண்ட் வேன்' என்று பெயர். காற்றில் சாயும் ஒரு தகடு சுக்கானைத் திருப்பும். 2022-ல் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியில் நவீன மின்னணுக் கருவிகளுக்குத் தடை. அதில் விண்ட் வேனை நம்பித் தனியாக உலகைச் சுற்றினார் இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி. வழியில் அதன் தகடுகள் உடைந்தன. படகின் கழிவறைக் கதவை அறுத்துப் புதுத் தகடு செய்துகொண்டார். 236 நாள்களில் பிரான்ஸ் கரை சேர்ந்து இரண்டாம் இடம் பிடித்தார்!

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ரிப்பேர் முடிந்து எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் ஆட்டோ பைலட்டுக்குக் கண் கிடையாது. எதிரே கப்பல் வந்தால் அது நேராக அதை நோக்கியே போகும். பார்க்க வேண்டியது மனிதர்தான்.