டாக்டர் போனார்! பேய் வந்தது!

"சந்திரமுகி" என்னும் சினிமாவின் இரண்டாம் பாகம் 2023-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 28-ந் தேதி வெளிவந்து, எதிர்பார்த்தபடி ஓடாமல் கொட்டகையை விட்டுப் போய்விட்டது. போன படத்தைப் பற்றி இப்பொழுது எழுதுவானேன், செத்த பாம்பை அடிப்பானேன் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அது கொட்டகையை விட்டுப் போயிற்றே தவிர ஜனங்கள் மூளையை விட்டுப் போகவில்லை என்பதைச் சமீபத்தில் நேரில் கண்டதனாலேயே இதை எழுத வேண்டியதாயிற்று.

மேல்சித்தாமூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நமது பிரசாரக் கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும் சமயம் ஒரு வாலிபர் தனியே வந்து நின்றார். அவர் அண்ணனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதமாகிறதாம். வந்த பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரியில் தனக்குள் பேசிக்கொள்கிறாள், சில சமயம் யார் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்பதில்லை. அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்குக் கூட்டிப் போய், பம்பை அடித்து, தலைமயிரைப் பிடித்து உலுக்கி, வேப்பிலையால் அடித்து, மூன்று அமாவாசை கழிந்துவிட்டது. "தம்பி, இது வியாதியப்பா, டாக்டரிடம் காட்ட வேண்டும், 'சந்திரமுகி' படத்தில்கூடப் பார்த்திருப்பாயே" என்று நாம் சொன்னோம். அதற்கு அவர் சொன்ன பதில்தான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. "அது மொதப் படத்துலண்ணே. ரெண்டாவதுல நெசமாவே ஆவின்னு காட்டிட்டாங்களே!"

வாசகர்களே, இந்தப் பையன் முட்டாள் அல்ல. பன்னிரண்டாவது வரை படித்தவர். படம் காட்டியதைத்தான் அவர் சொன்னார்.

2005-ல் வந்த முதல் படத்தின் சங்கதி என்ன? ஒரு பழைய அரண்மனை. அதில் ஒரு பூட்டிய அறை. தன் காதலனை வேட்டையன் என்னும் ராஜா வெட்டிக் கொன்று தன்னையும் உயிரோடு கொளுத்திவிட்டதால் பேயாக உலவுகிறாள் என்று சொல்லப்படுகிற சந்திரமுகி என்னும் நாட்டியக்காரி. ஊரெல்லாம் நடுங்குகிறது. ரஜினிகாந்த் மனோவியாதி டாக்டராக வந்து, இங்கே பேயுமில்லை பிசாசுமில்லை, கங்கா என்னும் இந்தப் பெண்ணின் மனம் இரண்டாகப் பிளந்திருக்கிறது, இது நோய் என்று சொல்லி அவளைப் பிழைக்க வைக்கிறார். 1993-ல் மலையாளத்தில் பாசில் எடுத்த "மணிச்சித்திரத்தாழ்" என்ற படத்தின் கதையே இது. அதையே 2004-ல் கன்னடத்திலும் மறுவருஷம் தமிழிலும் எடுத்தவர் பி. வாசு.

அந்த முதல் படமும் நூற்றுக்கு நூறு பகுத்தறிவுப் படமென்று நாம் சொல்ல வரவில்லை. காரியமே இல்லாமல் ஒரு பெரிய பாம்பு வந்து போகும். டாக்டர் பிறர் மனதில் நினைப்பதையெல்லாம் படித்துவிடுவார். எந்த ஆஸ்பத்திரியிலும் பொம்மையைக் கொளுத்தி மனோவியாதியைத் தீர்ப்பதில்லை. ஆனாலும், கடவுள், பூதம், பிசாசு இல்லாமல் படமே ஓடாது என்று முதலாளிகள் சத்தியம் செய்கிற இந்த நாட்டில், பேய் இல்லை என்று முடிந்த ஒரு படம் சென்னை சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாளுக்கு மேல் ஓடியதே, அது சாமான்ய விஷயமா? நமது கூட்டங்களில் அதை உதாரணமாக எத்தனை தரம் எடுத்துச் சொல்லியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. ஆயிரம் துண்டுப் பிரசுரம் செய்யாத வேலையை அது செய்தது.

அதே வாசு, பதினெட்டு வருஷம் கழித்து, அதே அரண்மனை, அதே சந்திரமுகி, அதே வேட்டையன் என்று வைத்துக்கொண்டு எடுத்த இரண்டாம் பாகத்தில் என்ன செய்தார்? டாக்டரை வெளியே அனுப்பிவிட்டார். பணக்காரக் குடும்பமொன்றுக்குத் தொடர்ந்து கஷ்டம் வருகிறதாம். குலதெய்வக் கோயிலைப் புதுப்பித்துப் பூஜை போட்டால் விலகுமென்று ஒரு சாமியார் சொல்கிறாராம். அதற்காக அந்த அரண்மனையில் வந்து தங்குகிறார்கள். தங்கியதும் சந்திரமுகியின் ஆவி நிஜமாகவே ஒரு பெண்மேல் ஏறுகிறது. அதற்கு எதிராக வேட்டையன் ஆவி கதாநாயகன்மேல் ஏறுகிறது. முதல் படத்தில் அறிவுக்கும் பயத்துக்கும் நடந்த சண்டை, இரண்டாம் படத்தில் ஆவிக்கும் ஆவிக்கும் நடக்கும் குஸ்தியாகிவிட்டது.

இதில் நடிகர்களுக்குப் பஞ்சமா என்றால் அதுவுமில்லை. லாரன்ஸ், வடிவேலு, ராதிகா, தேசிய விருது நாலு தரம் வாங்கிய கங்கனா ரணாவத். (இந்த அம்மையார் 2024-ல் மண்டி தொகுதியில் பார்லிமெண்டு மெம்பராகவும் ஆனார். அவருடைய அரசியலுக்கும் நமக்கும் கிழக்கு மேற்கு. அவர் நடிக்கத் தெரிந்தவர் என்பதை மறுக்க வேண்டிய அவசியமில்லை.) சங்கீதம், அந்த வருஷம் மார்ச்சு மாதத்தில்தான் ஆஸ்கார் பரிசு வாங்கி வந்த கீரவாணி. முதலாளிக்குப் பணத்துக்கும் குறைவில்லை. இத்தனை இருந்தும் நாம் செஞ்சியில் டிக்கெட்டு வாங்கிப் போய் உட்கார்ந்த அன்றைக்குக் கொட்டகையில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை, பயப்பட வேண்டிய இடத்தில் பயமும் வரவில்லை. நமக்குப் பின்னால் ஒரு குழந்தை மாத்திரம் அழுதது, அதுவும் முறுக்குக் கேட்டு.

இது ஏன் என்பதே நமது கேள்வி. பத்திரிகைக்காரர்கள் திரைக்கதை சரியில்லை, கிராபிக்ஸ் சரியில்லை என்று பலவாறாக எழுதினார்கள். நமக்குத் தோன்றுவது வேறு. பேயை நிஜமென்று ஒப்புக்கொண்ட அந்த நிமிஷத்திலேயே இத்தனை நடிகர்களின் கையையும் காலையும் கட்டியாகிவிட்டது என்பதே நமது அபிப்பிராயம்.

வடிவேலுவை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் முருகேசன் பேய்க்கு நடுங்கி ஓடினபோது நாடே வயிறு வலிக்கச் சிரித்தது. எதற்காக? பேய் இல்லை என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது, இவருக்குத் தெரியவில்லை. இல்லாததற்குப் பயப்படுகிறவனைப் பார்த்துத்தான் மனிதனுக்குச் சிரிப்பு வரும். இரண்டாம் படத்தில் பேய் நிஜம். அப்படியானால் அதைக் கண்டு ஓடுகிற முருகேசன்தானே அந்த வீட்டிலேயே புத்திசாலி? புத்திசாலியைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? தெருவில் வெறிநாய் துரத்த ஓடுகிறவனைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? அந்த மனிதர் அதே முழியை முழிக்கிறார், அதே உதறலை உதறுகிறார், வேலை நடக்கவில்லை. இத்தனைக்கும் மூன்று மாதத்துக்கு முன்னால், ஜூன் கடைசியில் வந்த "மாமன்னன்" படத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்ததற்காகச் சொந்தக் கட்சிக்காரன் முன்னாலேயே உட்கார முடியாத சட்டசபை மெம்பராக நின்று பார்த்தவர்களை அழவைத்தவர் இவரேதான். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் காலத்தில் மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்ய ஹாஸ்யக்காரர் வேண்டியிருந்தது. இங்கே மூடநம்பிக்கைக்குச் சாட்சி சொல்ல ஹாஸ்யக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நாயகி சங்கதியும் அப்படியே. முதல் படத்தில் ஜோதிகா ஒரே உடம்பில் இரண்டு பேராக இருந்து காட்ட வேண்டியிருந்தது. கங்கா எங்கே முடிகிறாள், சந்திரமுகி எங்கே ஆரம்பிக்கிறாள் என்று கண்ணிலேயே காட்டினார். மலையாளத்தில் ஷோபனாவுக்கு அதற்காகவே தேசிய விருது கிடைத்தது. நோயாளி என்றால் அவள் மனுஷி, அவளுக்கு மனசு உண்டு, வலி உண்டு, நடிக்க இடமுண்டு. ஆவிக்கு என்ன உண்டு? நகையும் பட்டும் விரித்த கூந்தலும்தான். கங்கனாவுக்குக் கொடுத்ததும் அவ்வளவே, அதுவும் பிற்பாதியில்.

ராதிகாவைக் குலதெய்வத்துக்குப் பரிகாரம் தேடும் குடும்பத் தலைவியாகப் பார்த்தபோது நம் பக்கத்தில் இருந்த முதிய தோழர் ஒருவர், "நடிகவேள் ராதா மகளப்பா!" என்று பெருமூச்சு விட்டார். யார் மகள் எந்த வேஷம் போட வேண்டுமென்று சட்டம் செய்ய நமக்கு அதிகாரமில்லை. ஆனால் அந்த வீட்டுக் கதையில் ஒரு விஷயம் இருந்தது. வேறு மதத்தவனைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக ஒதுக்கப்பட்ட மகள் செத்துப்போய், அவள் பிள்ளைகளை அந்தக் குடும்பம் தொட மறுக்கிறது. இதல்லவா கதை! இதைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கஷ்டத்துக்குக் காரணம் குலதெய்வமல்ல, உங்கள் மதவெறிதான் என்று ஒரு பாத்திரம் கேட்டிருந்தால் அந்தத் தாய் வேஷத்தில் ராதிகா என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் தொட்டுவிட்டுப் பேயைத் தேடிப் போய்விட்டார்கள்.

நிற்க. அரண்மனையில் அநியாயமாகச் செத்தவர்கள் பேயாக வருவார்களென்றால், முதலில் வர வேண்டிய இடம் நமது செஞ்சிக் கோட்டை. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690 முதல் 1698 வரை அதை முற்றுகையிட்டுக் கிடந்தான். இருபக்கமும் செத்தவர்களை யார் எண்ணினார்கள்? 1714-ல் ஆற்காட்டு நவாபோடு சண்டையிட்டு தேசிங்குராஜன் மாண்டான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்று இன்றும் கதை சொல்கிறார்கள். பிறகு 1750-ல் பிரெஞ்சுக்காரன், 1761-ல் இங்கிலீஷ்காரன். வெட்டும் குத்தும் நெருப்பும் இவ்வளவு கண்ட இடத்தில், கல்யாண மகாலுக்கு எதிரே ஆடு மேய்க்கும் பெண்கள் மத்தியானத்தில் நிம்மதியாய்ப் படுத்துத் தூங்குகிறார்கள். ஒரு சிப்பாயின் ஆவிகூட எழுந்து வந்து தாகத்துக்குத் தண்ணீர் கேட்டதில்லை. 2025-ல் யுனெஸ்கோ சபையார் உலகப் பாரம்பரியச் சின்னமென்று பட்டியலில் சேர்த்தபோதும், ஆவிகள் எத்தனை என்று கணக்குக் கேட்கவில்லை. இங்கே மேல்சித்தாமூரில், உலகத்தைப் படைத்தவன் ஒருவன் உண்டென்பதை ஒப்புக்கொள்ளாத சமணருடைய மடம் இருக்கிறது. அவர்களும் யட்சிக்குப் பூஜை செய்கிறார்கள் என்பது வேறு சங்கதி, அதை மற்றொரு வாரம் பேசுவோம்.

இதில் வேடிக்கை மட்டும் இருந்தால் நாம் இவ்வளவு காகிதம் செலவழித்திருக்க மாட்டோம். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் என்ன நடந்தது? தர்காவில் குணமாகுமென்று கொண்டுவந்து, கொட்டகையில் சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள், விடியற்காலையில் தீப்பிடித்தபோது ஓட முடியாமல் கருகினார்கள். செத்தவர்கள் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாதென்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் தடுக்கிறது. சட்டம் எத்தனை கிராமத்துக்கு வந்து சேர்ந்தது? சினிமா எல்லாக் கிராமத்துக்கும் வந்துவிடுகிறது.

இந்தியில் 2007-ல் இதே கதை "பூல் புலையா" என்று வந்தபோது முடிவு நோய்தான். 2022-ல் அதற்கு இரண்டாம் பாகம் வந்தது, அதிலும் ஆவி நிஜம். அது நிறையப் பணம் சம்பாதித்தது. ஆகையால், ஆவியைக் காட்டினால் நஷ்டம் வருமென்று முதலாளிகளைப் பயமுறுத்த நம்மால் முடியாது. வடிவேலுவை வைத்துக்கொண்டே சிரிப்பு வராமல் படமெடுக்க இது நல்ல வழி என்று மட்டும் சொல்லுகிறோம்.

அந்த வாலிபர் விஷயம். அன்று ராத்திரி அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் பேசினோம். அண்ணன் சம்மதித்தார், அவர் தாயார் சம்மதிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை செஞ்சி பஸ் நிலையத்தில் நாம் காத்திருந்தபோது அண்ணனும் அந்தப் பெண்ணும் வந்தார்கள், பின்னாலேயே மாமியாரும் வந்தார். முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் மனோவியாதிப் பிரிவு டாக்டர் அம்மாள் அந்தப் பெண்ணைத் தனியே உட்கார வைத்து வெகுநேரம் பேசினார். மாத்திரை எழுதிக் கொடுத்து, பதினைந்து நாள் கழித்துக் கட்டாயம் வரச் சொன்னார். வெளியே வந்ததும் மாமியார், மருமகள் கையில் கட்டியிருந்த தாயத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "பதினஞ்சு நாளுன்னா அது அமாவாசையா வருதே, மறுநாள் வந்தா பார்ப்பாங்களா?" என்று நம்மிடம் கேட்டார். அமாவாசையன்றே வந்துவிடுங்கள் அம்மா, அன்றைக்கும் ஆஸ்பத்திரி உண்டு என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டு வந்தோம்.