பரண் இருக்கட்டும், முதலில் மருந்து டப்பா!

பங்குனி பாதி போனதும், சித்திரைப் பிறப்புக்காக வீட்டை ஒழிக்க ஆரம்பித்துவிடுவோம். ஏணி நேராகப் பரணுக்குத்தான் போகும். அங்கே கிடக்கும் பித்தளை அண்டா இன்னும் பத்து வருடம் கிடந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஃபிரிட்ஜ் மேலே இருக்கும் மருந்து டப்பா அப்படியல்ல.

வெட்டிய அட்டையில் காலாவதி தேதி இருந்த துண்டு போயிருக்கும். அந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். கண் சொட்டு மருந்தில் அச்சிட்ட தேதி, திறக்காத பாட்டிலுக்கு மட்டும்தான்; திறந்தபின் பெரும்பாலானவற்றுக்கு 4 வாரம்தான் கணக்கு. தண்ணீர் ஊற்றிக் கலக்கும் குழந்தைகள் ஆன்டிபயாடிக் சிரப் பலவும் 7 முதல் 14 நாள்தான் தாங்கும். "போன தடவை இதுதான் கேட்டுச்சு" என்று ராத்திரி அவசரத்தில் கைக்கு வருவதும் அந்த மிச்ச பாட்டில்தான்! இனி திறக்கும் அன்றே பாட்டில் மேல் மார்க்கரால் தேதி எழுதிவிடுங்கள்.