குடலின் அசைவை அச்சுப்படம் காட்டாது

2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்ட பின், வல்லார்பாடத்து நோயாளி படகுக்குக் காத்திராமல் எர்ணாகுளத்து மருத்துவமனைகளை அடைய முடிகிறது. ஆயினும் வயிற்று உபாதையோடு ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம் செல்பவர் கையில் பெரும்பாலும் இருப்பவை சில ஸ்கேன் அச்சுப்படங்களும் ஒரு பக்க அறிக்கையுமே. குடலின் அளவைச் சொல்ல அவை போதும். அசைவைச் சொல்லப் போதா.

உள்ளுறுப்பின் இயக்கத்தை அது நிகழும்போதே காட்டுவது மீயொலியின் தனிச்சிறப்பு. சிறுகுடல் விரிந்திருப்பதை சி.டி. ஸ்கேனும் காட்டும். விரிந்த குடலுக்குள் நீர் முன்னும் பின்னும் அலைகிறதா, அசைவற்றுக் கிடக்கிறதா என்பதைக் கதிர்வீச்சின்றி, படுக்கையருகிலேயே மீயொலியில் காணலாம். முன்னது பெரும்பாலும் குடல் அடைப்பைச் சுட்டும். பின்னது, அறுவை சிகிச்சைக்குப் பின் நேர்வது போன்ற குடல் முடக்கத்தை. அடைப்புக்கு அறுவை தேவைப்படலாம். முடக்கத்துக்குப் பல வேளைகளில் பொறுத்திருப்பதே வழி. நின்ற படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும்.

ஒலியியலாளர்கள் இதே தொழில்நுட்பத்தைத் தாடைக்குக் கீழே வைத்து நாவின் அசைவைப் பதிவு செய்கின்றனர். மலையாளத்தின் இரண்டு ரகர ஒலிகளும் இரண்டு லகர ஒலிகளும் ழகரமும் இவ்வாறு ஆராயப்பட்டுள்ளன. அங்கே பதிவுதான் தரவு. எழுதிய முடிவை ஐயுறுபவர் பதிவை மீண்டும் பார்க்கலாம். குடலை ஆராயும்போது மட்டும் தரவு திரையோடு மறைந்துவிடுகிறது.

மீயொலிக்கு வரம்புகள் உண்டு. குடலில் நிறைந்த வாயு ஒலியலையை மறிக்கும். முடிவு செய்பவரின் பயிற்சியைப் பொறுத்தது. உண்ட பின் இரைப்பை நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 முறை சுருங்கும். பட்டினியிலோ வலுவான அலைத்தொடர் 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறையே எழும். பெருங்குடல் இன்னும் மெதுவானது; நாட்பட்ட மலச்சிக்கலில் அதன் வேகத்தைச் சில நிமிடப் பார்வை அளந்துவிடாது. இவை கருவியைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. அறிக்கையைத் திருத்துவதற்கான காரணங்கள்.

அசைவுக் கோளாறு ஐயுறப்படும்போது, நோயாளி கடைசியாக உண்ட நேரம், குடலைக் கவனித்த நிமிடங்கள், எப்பகுதி வாயுவால் தெரியவில்லை என்பது, கண்ட அசைவின் தன்மை ஆகிய நான்கும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். ஒரு சிறு காணொளிப் பதிவும் நோயாளியிடம் தரப்பட வேண்டும். இதற்குப் புதுக் கருவி வேண்டியதில்லை. இன்றைய கருவிகள் பலவற்றில் பதிவு வசதி இருக்கிறது. இவை எதுவுமின்றி எழுதப்படும் ‘குடல் இயல்பு’ என்ற இரு சொற்கள், பாராததையும் பார்த்ததாக அடுத்த மருத்துவரை நம்பவைக்கின்றன.