எவன் போட்ட பட்டியலை எதுக்குச் சுமக்கிறோம்?

தமிழில் நாவல் படிக்க வருகிறவன் நாவலுக்கு முன்னால் படிப்பது பட்டியலை. எந்தப் பத்து சிறந்தது, எந்த ஐந்து உலகத்தரம், எதைப் படிக்காவிட்டால் நீ வாசகனே இல்லை என்று யாரோ முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். வகுப்பில் வாத்தியார் அதைத்தான் சொல்கிறார். ஆய்வுக்குப் போனால் நெறியாளர் அதைத்தான் சொல்கிறார். புத்தகக் கடைக்காரர் அதைத்தான் முன்வரிசையில் அடுக்குகிறார். சேரியிலிருந்து கிளம்பி, ரெண்டு பஸ் மாறி, கல்லூரிக்குப் போய், வீட்டிலேயே முதல் ஆளாக ஒரு நாவலைக் கையில் எடுக்கிற நம்ம பிள்ளைக்கும் இந்தச் சீட்டுதான் கிடைக்கிறது. ஆண்டை எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டோடு கடைக்கு ஓடினார் தாத்தா. பேரன் இலக்கியச் சீட்டோடு நூலகத்துக்கு ஓடுகிறான். இதுக்குப் பேரு வாசிப்பா?

க.நா.சுப்ரமண்யம் 1957இல் 'படித்திருக்கிறீர்களா?' என்று ஒரு புத்தகம் போட்டார். பெஞ்சு மேல் ஏற்றுகிற வாத்தியார் கேட்கிற கேள்வி மாதிரி தலைப்பு. அவர் தன் ரசனையை எழுதினார். எழுத அவருக்கு உரிமை உண்டு. வணிகப் பத்திரிகைத் தொடர்கதைகளுக்கு எதிராக நின்றார், பலரைப் படிக்க வைத்தார், மறுக்கவில்லை. என் கேள்வி வேற. ஒருத்தர் ரசனை எப்படி ஊர் ரசனை ஆச்சு? ஊருன்னா எந்த ஊரு? சேரியும் சேர்ந்த ஊரா, சேரியைத் தள்ளி வைத்த ஊரா? அதற்குப் பிறகு பட்டியல் போட வந்தவர்களெல்லாம் அந்த நாற்காலியில்தான் உட்காரப் பார்த்தார்கள். நாற்காலியைக் கேள்வி கேட்டவர்கள் குறைவு. அடுத்த பட்டியலில் நம்ம ஆளு ஒருத்தர் பேரும் வந்திருக்கான்னு எட்டிப் பார்த்தவங்கதான் ஜாஸ்தி.

பதிவேடு வைத்திருக்கிறவன்தான் எது உண்டு, எது இல்லை என்று சொல்கிறான். இது நமக்குப் புதுசா? ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 1892இல் வெள்ளைக்கார அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் எப்படிப் போச்சு? அடித்துப் பிடுங்கியதும் உண்டு, கடனுக்கு எழுதி வாங்கியதும் உண்டு. பிடுங்கியதை நிலைக்க வைத்தது கர்ணத்தின் பேனா. நிலம் அங்கேயே கிடந்தது. பதிவேட்டில் பேர் மாறியது. உழுதவன் பேரன் இன்றைக்கு ஆவணம் எங்கே என்று அலைகிறான். பரம்பரைக் கர்ணம் பதவியைத் தமிழக அரசு 1980இல் ஒழித்தது. இலக்கியத்தில் கர்ண உத்தியோகம் இன்னும் ஒழியவில்லை.

எனவே தோழர்களே, நான் சொல்ல வருவது சின்ன விஷயம். ஆளுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். படிக்கிற ஒவ்வொரு நாவலுக்கும் கணக்கு எழுதுங்கள்.

நான் வங்கியில் கிளார்க். பேரேடெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய் ரொம்ப நாளாகிவிட்டது. ஆனாலும் மூன்று விஷயம் மாறவில்லை. வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் நகராது. அன்றைய கணக்கை அன்றைக்கே முடிக்க வேண்டும். வவுச்சரில் எழுதியதை அழித்து அதன்மேல் எழுதக்கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். நாவல் நோட்டுக்கும் இதுதான் சட்டம். பக்க எண் இல்லாமல் எந்தத் தீர்ப்பும் எழுதாதே. முடித்த ராத்திரியே எழுது. ஒரு மாதம் கழித்து எழுதினால் நீ எழுதுவது உன் கருத்தாக இருக்காது, நடுவில் எவனோ டீக்கடையில் சொன்னதாக இருக்கும். அஞ்சு வருஷம் கழித்து மறுபடி படிச்சுக் கருத்து மாறினால் பழசைக் கிழிக்காதே. கீழே தேதி போட்டுப் புதுசை எழுது. ரெண்டும் இருக்கட்டும். நீ எங்கிருந்து எங்கே வந்தாய் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

தலைப்பு, எழுதியவர், முதலில் அச்சான ஆண்டு, பதிப்பகம், யாரிடம் இரவல் வாங்கியது, முடித்த தேதி. இது முதல் வரி. அடுத்து நாவலைக் கேட்க வேண்டிய கேள்விகள்.

நம்மாள் எந்தப் பக்கத்தில் வருகிறார்? பேரோடு வருகிறாரா, சாதிப் பேரோடு மட்டும் வருகிறாரா? காவிரிக்கரையில் எத்தனை நாவல் முளைத்திருக்கிறது! ஆறு வருகிறது, சங்கீதம் வருகிறது, காபி மணக்கிறது, வெற்றிலை சிவக்கிறது. அந்த வெற்றிலைக் கொடிக்காலில், அந்தச் சேற்றில் இறங்கிய கால் யாருடையது? எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை அது தென்படுகிறது? எண்ணிப் பார்த்து எண்ணை எழுது.

கதை சொல்கிறவர் யாரை 'அவர்' என்கிறார், யாரை 'அவன்' என்கிறார்? பாத்திரங்கள் பேசுவதைச் சொல்லவில்லை. மிராசுதார் தன் பண்ணையாளை 'டேய்' என்று கூப்பிட்டால் அது அந்த மிராசுதார் யோக்கியதை. நான் கேட்பது கதை சொல்கிற அந்தக் குரலை, நடுநிலை என்று மார்தட்டுகிற அந்தக் குரலை. அறுபது வயது அய்யர் 'வந்தார், உட்கார்ந்தார்'. அறுபது வயது பறையர் 'வந்தான், நின்றான்'. ரெண்டு பேருக்கும் ஒரே நரை. முற்போக்கு நாவல், மனிதநேய நாவல் என்று பேர் வாங்கியவற்றையும் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். உள்ளடக்கத்தில் ஒளித்து வைத்த சாதி வினைமுற்றில் வந்து விழுந்து கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க எந்தப் பிரெஞ்சுக் கோட்பாடும் வேண்டாம். ஒரு பென்சில் போதும்.

என்ன சாப்பிடுகிறார்கள், யார் கையால் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்? மாட்டுக்கறி சமைக்கிற வாசனை வரும்போது எழுத்து மூக்கைப் பொத்துகிறதா? பெண்கள் உடம்பாக மட்டும் வருகிறார்களா, மூளையும் நாக்கும் உண்டா? கடைசியில் சாவது யார்? அவர் செத்தால்தான் படிக்கிறவர்களுக்குக் கண்ணீர் வருமா?

அப்புறம் கடைசிக் கேள்வி. உனக்கு எந்த இடம் ருசித்தது? இதை எழுத வெட்கப்படாதே. எதிரி என்று நீ நினைக்கிறவன் எழுதிய நாவலில் ஒரு மழை நன்றாகப் பெய்திருந்தால், நன்றாகப் பெய்தது என்று எழுது. ருசியைத் திருடிக்கொண்டு போய்க் கோபத்தை மட்டும் எழுதுகிற நோட்டு கள்ளக் கணக்கு நோட்டு.

ஒன்றிரண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கூலி கேட்டதற்கு, சங்கம் வைத்ததற்கு. அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975இல் 'குருதிப்புனல்' எழுதினார். 1977இல் சாகித்திய அகாதமி பரிசு. எவனும் தொடாத தீயைத் தொட்டார், வரவு வை. ஆனால் கதைக்குள் நம்மை அழைத்துப் போகிறவர்கள் யார்? டெல்லியிலிருந்து வந்த படித்தவர்கள். தீ வைக்கிற நிலப்பிரபுவின் கொடூரத்துக்கு என்ன விளக்கம்? அவனுடைய ஆண்மைக் குறைவு. அரைப்படி நெல்லுக்காக நடந்த போராட்டம் ஒருத்தன் படுக்கையறைச் சங்கடமாகச் சுருங்கிப் போகிறது. சாதியும் நிலமும் எங்கே போச்சு? பற்று எழுது, பக்க எண்ணோடு எழுது. 'பிற்போக்கு நாவல்' என்று கூட்டத்தில் கத்திவிட்டு உட்காருகிற தோழரிடம் எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிக்கிறாரே, அந்த முழிப்புதான் நம்மைத் தோற்கடிக்கிறது.

இன்னொரு கணக்கு. தகழி சிவசங்கரப் பிள்ளை நம்மாள் இல்லை. மலையாளத்தில் 1947இல் அவர் எழுதிய 'தோட்டியின் மகன்' சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. ஆலப்புழையில் மலம் அள்ளப் போன தமிழ்க் குடும்பம், மூன்று தலைமுறை. நடுத் தலைமுறை சுடலைமுத்து, தன் மகன் தோட்டியாகக் கூடாது என்பதற்காகத் தன் ஆட்களின் சங்கத்தையே காட்டிக்கொடுக்கிறான். எழுதியவர் சாதியைப் பார்த்துப் புத்தகத்தைத் திறக்காமலே மூடுகிறவனுக்கு இந்தச் சுடலைமுத்து கிடைக்க மாட்டான். கிடைத்தால் தூக்கம் வராது. நம்மில் அரசு வேலை, வங்கி வேலை பார்க்கிற எத்தனை பேருக்குள் அவன் உட்கார்ந்திருக்கிறான்!

நம்ம புத்தகங்களுக்கு மட்டும் சலுகைக் கணக்கா? கூடாது. பூமணியின் 'பிறகு' 1979, கே. டானியலின் 'பஞ்சமர்' 1972, சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989, பாமாவின் 'கருக்கு' 1992, இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994, சோ. தர்மனின் 'கூகை' 2005. எல்லாவற்றுக்கும் அதே கேள்விகள்தான். 'கருக்கு' நாவலா, தன்வரலாறா என்று பேராசிரியர்கள் அடித்துக்கொள்ளட்டும், நம்ம நோட்டில் அதுக்கு இடம் உண்டு. 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நம்மவர்களே கொதித்தார்கள். பறைத்தெருவுக்குத் துணி வெளுத்து, பிரசவம் பார்த்து, ராத்திரி வீடு வீடாகச் சோறு எடுக்கிற புதிரை வண்ணாத்தி ஆரோக்கியத்தின் கதை அது. தலித்துகளைப் பிளக்கிறது, எதிரிக்குத் தீனி போடுகிறது என்றார்கள். அந்த வாதத்தில் ஒரு பயம் இருந்தது, அது நியாயமான பயம்தான். ஆனால் ஆரோக்கியம் யார் வீட்டு வாசலில் சட்டியோடு நிற்கிறாள் என்று நோட்டில் எழுதித்தான் ஆகணும். ஊர்த்தெரு நம்மைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்கிற வாய், நம்ம தெரு யாரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்கும்போது மட்டும் ஏன் மூடிக்கொள்ள வேண்டும்?

'பழையன கழிதலும்' இன்னும் சங்கடமான கணக்கு. காத்தமுத்து தலித் தலைவர், போலீஸுக்கும் பயப்படாதவர். வீட்டுக்குள்ளே அவரும் ஒரு ஆண்டைதான். அதை மகள் கௌரி பார்க்கிறாள். எழுதிய சிவகாமியே 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்று ஒரு பகுதி எழுதித் தன் நாவலைத் தானே திருப்பிப் பார்த்தார். எழுதினவரே தன் கணக்கைத் தணிக்கை செய்கிறார். படிக்கிற நமக்கு என்ன கேடு? இந்த நாவலுக்குப் பெண் தோழர்கள் எழுதும் நோட்டையும் ஆண் தோழர்கள் எழுதும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்த மாநாட்டிலும் நடக்காத விவாதம் அங்கே நடக்கும்.

'இயக்க வேலை தலைக்கு மேல கிடக்குது, இப்போ நாவலா, அதுக்கு நோட்டா?' என்று கேட்கிற தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். துண்டறிக்கையில் வன்கொடுமையின் தேதி இருக்கும், செத்தவர் எண்ணிக்கை இருக்கும், கோரிக்கை இருக்கும். அந்த வன்கொடுமை செய்தவன் மறுநாள் காலையில் எப்படிச் சாதாரணமாகப் பல் விளக்கினான் என்பது துண்டறிக்கையில் இருக்காது. அது நாவலில்தான் இருக்கும். எதிரியின் சாதாரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் எதிரியைத் தெரிந்துகொள்ள முடியாது. அப்புறம், அம்பேத்கர் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டியது புத்தகங்களுக்காக. அவருக்கு இருந்ததைவிட இயக்க வேலை உங்களுக்கு ஜாஸ்தியா?

'இது நடுத்தர வர்க்கத்துப் பொழுதுபோக்கு, டைரி எழுதுகிற சொகுசு' என்பார் இன்னொருத்தர். டைரி எழுதுகிறவன் தன்னை எழுதுகிறான். இந்த நோட்டில் நீ எழுதப்போவது உன்னைப் பற்றி மற்றவன் எழுதியதை. கைநாட்டு வைத்தவர்கள் பிள்ளைகள் நாம். நம் தாத்தாக்களின் கடனை எழுதிய நோட்டு எப்போதும் மற்றவன் பெட்டியில்தான் இருந்தது. அவன் கூட்டினால் கூடும், அவன் கழித்தால் கழியும். நம்ம கையெழுத்தில் நமக்கென்று ஒரு கணக்கு நோட்டு இருப்பது சொகுசு என்றால், அந்தச் சொகுசு நமக்கு வேணும்.

கடைசியாக ஒன்று. நம்ம புத்தகங்கள் சீக்கிரம் காணாமல் போகின்றன. சிறு பதிப்பகம் முந்நூறு பிரதி போடும், பதிப்பகம் மூடும், மறுபதிப்பு வராது. அயோத்திதாசர் 1907இல் தொடங்கி 1914இல் சாகும்வரை நடத்திய 'தமிழன்' இதழ் எழுத்துக்கள் பாளையங்கோட்டையிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுப்பாக 1999இல் வந்தன. இடையில் எண்பத்தைந்து வருஷம். இலக்கிய வரலாறு எழுதியவர்கள் அந்தப் பேரைச் சொல்லவில்லை. அவர் வழி வந்தவர்கள் சிலர் பழைய இதழ்களைக் கட்டி வைத்துக் காப்பாற்றினார்கள். வைத்திருந்தார்கள், அதனால் இருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் நம்ம புத்தகத்தை மறந்து போவார்கள், அது அவர்கள் வேலை. எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம், எத்தனை பக்கம், உள்ளே என்ன இருந்தது என்று நூறு ஊரில் நூறு நோட்டில் எழுதியிருந்தால் மறக்கடிக்க முடியாது.

வாசகர் வட்டம் நடத்துகிற தோழர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒரு விதி வையுங்கள். நோட்டு இல்லாமல் வருகிறவர் கேட்கலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது. நோட்டுகளை மாற்றிப் படியுங்கள். ஒரே நாவலுக்கு விழுப்புரத்துப் பெண் எழுதியதும் தேனிப் பையன் எழுதியதும் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். இடிக்கிற இடத்தில் விமர்சனம் தொடங்கும். அதிலிருந்து பொதுப் பட்டியல் ஒன்று தயாரிக்கலாம் என்று யாராவது கிளம்பினால், அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். கர்ணத்தை ஒழித்துவிட்டு நாம் கர்ணமாக வேண்டாம்.

நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்த இதழை மூடி வைத்துவிட்டு, கடைசியாகப் படித்த நாவலை எடுங்கள். கதை சொல்கிற குரல் உங்க தாத்தாவை ஒத்த ஒருத்தரை 'அவன்' என்கிறதா, 'அவர்' என்கிறதா? பக்கம் எத்தனை?