ஊற்றும் முன் பாருங்கள்!



உங்கள் வீட்டுத் தோட்டத்தில் செம்பருத்தி இருக்கிறதா? காலையில் விரியும் பூ பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும். ஆனால், செடி நலமாக இருந்தால் அடுத்தடுத்து மொட்டுகள் விரிந்துகொண்டே இருக்கும். வெண்டை, பருத்தி, பூவரசு, குளிர் நாடுகளில் வளர்க்கும் ஹாலிஹாக் எல்லாம் இதன் உறவினர்களே.

செம்பருத்தி வளர்க்க விதை தேட வேண்டாம். பென்சில் கனமுள்ள கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில், ஈர மண்ணில் நட்டு வையுங்கள். சுமார் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். பிறகு, நல்ல வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். கீரப்பாளையம், சிதம்பரம் பக்கம் பெரும்பாலும் நெல் விளையும் களிமண் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் சீக்கிரம் வடியாது. வேருக்கும் காற்று வேண்டும் அல்லவா? மண்ணின் இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் நின்றால், வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் இலைகள் மஞ்சளாகித் தொங்கும். நாமோ, "ஐயோ, செடிக்குத் தாகம்!" என்று இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம். செடி மேல் அவ்வளவு அன்பு இருந்தும், அதைக் காப்பாற்ற முடியாமல் போகிறது.

எனவே, மண்ணை மேடாக்கி, மக்கிய தொழுஉரம் கலந்து நடுங்கள். ஊற்றும் முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

பூச்சி விஷயத்திலும் இப்படித்தான். தண்டில் பஞ்சு ஒட்டியது போல் தெரிந்தால், அது மாவுப்பூச்சியாக இருக்கலாம். அது சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் இருக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதிகமாகத் தாக்கிய கிளையை வெட்டிவிடுங்கள். கண்ட மருந்தையும் அடிக்க வேண்டாம்.

ஏன் தெரியுமா? 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி என்ற புது வகை கோவையில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என எதையும் அது விடவில்லை. மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மிகச் சிறிய குளவி ஒன்று வரவழைக்கப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, உள்ளே பிறந்த புழு பூச்சியைத் தின்று தீர்த்தது. நாம் விஷத்தைத் தெளித்தால், இத்தகைய நண்பர்களும் சேர்ந்தே சாவார்கள்.

நாளைக் காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் செடியிடம் போங்கள். மண்ணைத் தொட்டுப் பாருங்கள். இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தையும் பாருங்கள். அதற்கு என்ன தேவை என்று தெரிந்துகொண்டு, அதைச் செய்யுங்கள்.

செய்வீர்கள்தானே?