எஞ்சினுக்கு ஆகாத தண்ணீர் குழந்தைக்கு ஆகுமாம்!

அமெரிக்கச் சிறு நகரங்களைப் பற்றிப் புகழ்மாலை பாடுவோருக்குப் பஞ்சமில்லை. வாசலில் புல்தரை, ஷெட்டில் கார், குழாயைத் திருகினால் வெந்நீர்; வாழ்ந்தால் அங்கே வாழ வேண்டும் என்கின்றனர். நல்லது. மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகருக்கு வாசகரை அழைக்கிறோம். அந்தக் குழாயைத் திருகிப் பார்ப்போம்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1908-ல் பிறந்த ஊர் அது. 1960-ல் சுமார் 1,97,000 பேர் அங்கு வாழ்ந்தனர். தொழிலாளிக்கு வீடும் காரும் இருந்தது மெய்தான், நாம் மறுக்கவில்லை. கொடுத்தது யார்? முதலாளியின் தாராள மனசா? 1936 டிசம்பர் 30-ந் தேதி தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டனர். கடுங்குளிரில் ஆலையின் வெப்பத்தை நிறுத்தினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, சுட்டது. 44 நாள் அசையவில்லை. 1937 பிப்ரவரி 11-ல் கம்பெனி சங்கத்தை அங்கீகரித்தது. புல்தரை வந்த வழி இதுதான். கறுப்பினத் தொழிலாளிக்கு அதிலும் பங்கு குறைவு. நல்ல வீதியில் வீடு வாங்க அவரை விடவில்லை.

பிறகு லாபம் வேறிடத்தில் கூடுதல் என்றதும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1999-ல் பியூக் சிட்டியும் போயிற்று. 2020-ம் ஆண்டுக் கணக்கில் ஊரில் எஞ்சியோர் 81,000 பேர். வரி வருமானம் வற்றி நகராட்சி கடனில் விழுந்தது. 2011-ல் மாநில அரசு ஒரு அவசரகால நிர்வாகியை நியமித்தது. ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சில் பொம்மையாயிற்று.

2014 ஏப்ரலில் செலவை மிச்சம் பிடிக்க, டெட்ராயிட்டிலிருந்து வந்த தண்ணீரை நிறுத்தி, பிளின்ட் ஆற்று நீரைக் குழாயில் விட்டனர். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கலந்தது. தண்ணீர் பழுப்பாக வந்தது, நாறியது. குளித்த குழந்தைகளின் உடம்பில் தடிப்பு. தாய்மார்கள் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்க் கூட்டங்களில் காட்டினர். ஆபத்தில்லை என்றார்கள் அதிகாரிகள்!

2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு புகார் கொடுத்தது: இந்தத் தண்ணீரில் எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன. உடனே அந்த ஆலைக்கு வேறு தண்ணீர்! 2015 ஜனவரியில் ஊரிலிருந்த மாநில அரசு அலுவலகத்துக்குத் தனியாகக் குடிநீர் அனுப்பினார்கள். மார்ச்சில், பழைய தண்ணீரே வேண்டுமென்று கவுன்சில் 7-க்கு 1 என்று தீர்மானம் போட்டது. நிர்வாகி தள்ளிவிட்டார். செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதைக் கணக்கோடு வெளியிட்டார். முதலில் அவரையே குறை சொன்னார்கள். அக்டோபரில்தான் பழைய தண்ணீர் திரும்பியது. அதற்குள் லீஜியனேர் என்ற நுரையீரல் நோய்க்கு 12 பேர் பலி.

சில அதிகாரிகளின் அஜாக்கிரதை, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்வார்கள். நாம் கேட்கிறோம்: அந்த அஜாக்கிரதை எஞ்சின் விஷயத்தில் ஏன் இல்லை? இரும்பின் புகார் உடனே காதில் விழுகிறது. தாயின் புகாருக்கு ஒன்றரை ஆண்டு!

அதன்பின் வாழ்க்கை எப்படி? பனியில் வரிசையில் நின்று பாட்டில் தண்ணீர்ப் பெட்டி வாங்க வேண்டும். சமைக்க, பல் துலக்க, குழந்தையைத் துடைக்க, எல்லாம் அதில்தான். குழாய்த் தண்ணீருக்குப் பில் மட்டும் தவறாமல் வந்தது. 2017-ல் பாக்கிக்காக வீட்டின்மேல் வரிப்பற்று வைப்போம் என்று சுமார் 8,000 வீடுகளுக்கு நோட்டீஸ்! ஈயக் குழாய்களை மாற்ற 2025 வரை இழுத்தது. கவர்னர் உட்படப் பலர்மீது போட்ட வழக்குகள், 2022-ல் மாநில உச்ச நீதிமன்றம் நடைமுறை தவறென்று சொன்னபின் சரிந்தன. ஒருவரும் சிறை செல்லவில்லை. சோதனையில் தண்ணீர் தேறிவிட்டது என்கிறார்கள் இப்போது. ஊர்க்காரர் பலர் இன்னும் கடையில் பாட்டில் வாங்கித்தான் குடிக்கின்றனர்.